சித்தப்பாவின் உறுமியும் என் மடிக்கணினியும்

ஜூன் 1, 2025, ஞாயிறு

சித்தப்பாவின் உறுமியை இன்று பதிவு செய்துவிட்டேன். தொழுவத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து 11 நிமிடம் நிறுத்தாமல் வாசித்தார். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசும்போது எழும் அந்த உறுமலை ஹெட்போனில் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாய் வழியாகவே கேட்டுப் பழகிய ஒலி. இவ்வளவு நுணுக்கம் அதற்குள் இருப்பது எனக்குத் தெரியாது.

இதை வைத்து ஒரு பாட்டு செய்ய வேண்டும். கையில் இருப்பவை: பழைய மடிக்கணினி (8 ஜிபி ராம், விண்டோஸ்), சேமிப்பில் வாங்கிய இரண்டு வாய் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு மைக், ஒரு ஹெட்போன். இல்லாதது மென்பொருள். யாரைக் கேட்டாலும் அவரவர் பயன்படுத்துவதையே சொல்கிறார்கள். அதனால் நானே பார்க்கப் போகிறேன். எல்லா மென்பொருளிலும் இதே 11 நிமிடத்தைப் போட்டுப் பார்ப்பேன். உறுமிக்கு எது இடம் கொடுக்கிறதோ அதையே எடுப்பேன்.

ஜூன் 3, செவ்வாய்

சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் யோசனை கேட்டேன். "நம்மிடம்தான் டிஜே மென்பொருள் இருக்கிறதே, அதிலேயே செய்" என்றார். நானும் போன மாதம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். விர்ச்சுவல் டிஜே, செராட்டோ, ரெக்கார்ட்பாக்ஸ், இலவசமாகக் கிடைக்கும் மிக்ஸ், இவையெல்லாம் முடிந்த பாட்டுகளை ஒன்றோடொன்று கோத்து ஓட்டுவதற்கானவை. ஒரு பாட்டை அடியிலிருந்து கட்ட வேறு வகை மென்பொருள் வேண்டும். பதிவு செய்யவும், வெட்டி ஒட்டவும், ட்ராக் மேல் ட்ராக்காக அடுக்கவும், கலக்கவும் அதில்தான் முடியும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற யாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

ஜூன் 6, வெள்ளி

ஒரு நாள் வீணானது. தெரிந்தவர் ஒருவர் பென் டிரைவில் "எல்லாமே இருக்கிறது, காசு வேண்டாம்" என்று கொடுத்ததை நிறுவினேன். இரவுக்குள் கணினி வைரஸில் முடங்கிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போட்டேன். உறுமிப் பதிவை அன்றைக்கே அக்காவின் கணினியிலும் ஒரு பிரதி வைத்திருந்ததால் பிழைத்தது. அந்த 11 நிமிடம் போயிருந்தால் சித்தப்பாவின் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? திருட்டுப் பதிப்பை இனித் தொடப் போவதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

லாஜிக் என்ற இசை மென்பொருள் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ரகுமான் அதில் வேலை செய்கிறார் என்பதே அந்த ஆசைக்குக் காரணம். ஆனால் 2002-இல் ஆப்பிள் நிறுவனம் லாஜிக்கை உருவாக்கிய எமாஜிக்கை வாங்கியதோடு விண்டோஸ் பதிப்பு நின்றுபோனது. மேக் வாங்க வழியில்லை. பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

எஃப்எல் ஸ்டுடியோ. பெல்ஜியத்தில் 1997-இல் ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற பெயரில் பிறந்தது. திறந்ததும் வரிசையாக 16 கட்டங்கள். கட்டத்தைத் தட்டினால் அந்த இடத்தில் அடி விழுகிறது. அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டித் தட்டியே ஐந்து நிமிடத்தில் ஆடக்கூடிய ஒரு தாளம் செய்துவிட்டாள். ஏழு வயது! கற்றுக்கொள்ள இதைவிட எளிய வாசல் இருக்க முடியாது. ஒருமுறை வாங்கினால் பிற்காலப் பதிப்புகளுக்கெல்லாம் பணம் கேட்பதில்லை என்பதும் பெரிய விஷயம்.

இரண்டு செய்திகளை எனக்காக எழுதி வைக்கிறேன். சோதனைப் பதிப்பில் சேமித்த வேலையை, பணம் கட்டிய பிறகே மறுபடி திறக்க முடியும். அதனால் செய்ததை அன்றன்றே ஒலிக்கோப்பாக எடுத்துவிட வேண்டும். விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பில் ஒலிப்பதிவு வசதி கிடையாது, எனக்கு அதற்கு மேலுள்ள ப்ரொட்யூசர் பதிப்பு தேவைப்படும்.

உறுமியைப் போட்டுப் பார்த்தேன். முதல் ஒரு நிமிடம் கட்டங்களோடு சேர்ந்து நடந்தது. பிறகு விலகிக்கொண்டே போனது. அளந்து பார்த்தால், நிமிடத்துக்கு 92 அடியில் தொடங்கும் சித்தப்பா 118-இல் முடிக்கிறார்.

ஜூன் 15, ஞாயிறு

மூன்று நாளாக ஏபில்டன் லைவ். பெர்லினில் மேடையில் மின்னணு இசை வாசித்தவர்களே உருவாக்கி 2001-இல் வெளியிட்டது. மேடையில் நிற்பவனின் அவசரம் தெரிந்தவர்கள் கட்டியது என்பது பார்த்ததுமே தெரிகிறது. துண்டு துண்டாக இசையை அடுக்கி வைத்துக்கொண்டு, எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தாளம் பிசகாமல் ஓட விடலாம். கோயில் திருவிழா மேடையில் இது கையில் இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். 30 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கத் தருகிறார்கள். குறைந்த விலைப் பதிப்பான இன்ட்ரோவில் 16 ட்ராக் வரை வைத்துக்கொள்ளலாம்.

இதில் 'வார்ப்' என்று ஒரு வசதி. பதிவான ஒலியை இழுத்தும் சுருக்கியும் கட்டத்துக்குள் உட்கார வைத்துவிடும். மாலை முழுவதும் உட்கார்ந்து உறுமி முழுவதையும் நிமிடத்துக்கு 104 அடி என்ற ஒரே வேகத்தில் நிறுத்தினேன். கீழே கிக் ட்ரம் (கனமான அடி கொடுக்கும் ட்ரம்) போட்டதும் கடிகாரம்போல ஓடியது. பெருமையோடு சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சாமி இறங்குகிற இடத்தைக் காணோமேடா" என்றார்.

வேறு எதுவும் சொல்லவில்லை. மாடு கட்டப் போய்விட்டார்.

ஜூன் 18, புதன்

அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேகம் கூடுவதைப் பிழை என்று நினைத்துத் திருத்தியது நான்தான். சாமியாடியின் கால் பார்த்து, கூட்டத்தின் குலவை கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற வேகம் அது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு தோல் கருவியின் சத்தம் மட்டுமே. லைவிலும் பதிவின் வேகத்தையே பாட்டு முழுவதும் பின்பற்றச் செய்ய வழி இருக்கிறது, நேற்றுதான் கண்டுபிடித்தேன். ஆனால் இந்தக் கணினியில் நாலைந்து கருவிகளைச் சேர்த்ததும் ஒலி விக்கத் தொடங்கிவிடுகிறது.

விக்கல் என்றதும் நினைவுக்கு வருகிறது. பதிவின்போது வாசித்த ஒலி ஹெட்போனில் தாமதமாகக் கேட்டதற்கு மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். காரணம் பஃபர் அளவு, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும்போது 512 மாதிரிகள் சேரும்வரை காத்திருந்தால் சுமார் 11.6 மில்லி நொடி. உள்ளே வர ஒருமுறை, வெளியே போக ஒருமுறை என்றால் இரண்டு மடங்கு. தாள வாத்தியக்காரர் காதுக்கு அது நன்றாகவே தெரியும். இன்டர்ஃபேஸுக்குரிய ஆசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) நிறுவி, பஃபரை 128-க்கு இறக்கினேன். ஒரு பக்கத்துக்கு 3 மில்லி நொடிக்குள் வந்துவிட்டது. கலக்கும் வேலை செய்யும்போது மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். எந்த மென்பொருளை வாங்கினாலும் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று மாலை ரீப்பர் என்ற இன்னொரு மென்பொருளை இறக்கினேன். எஃப்எல், லைவ் இவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய கோப்பு. உருவாக்கியவர் ஜஸ்டின் ஃப்ராங்கல், கணினியில் பாட்டு கேட்க உதவும் வினாம்ப்பைச் செய்தவர். சிறுவனாக நான் சவுண்ட் சர்வீஸ் பந்தலில் போய் நின்ற காலத்தில் பாட்டு ஓடியது வினாம்ப்பில்தான். அதே கையிலிருந்து வந்தது என்றதும் ஏதோ சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது.

அழகு என்று சொல்ல முடியாது. கூடவே வரும் வாத்திய ஒலிகளும் மிகக் குறைவு. தாளம் செய்து பழக நினைப்பவருக்கு இதை முதலில் கொடுக்க மாட்டேன், எஃப்எல்தான் கொடுப்பேன். ஆனால் என் பழைய கணினியில் விக்காமல் ஓடுகிறது. முக்கியமாக, கட்டத்தை உறுமிக்கு ஏற்றபடி வளைக்க முடிகிறது.

எட்டு அடிக்கு ஒரு சுற்று என்று எண்ணி, சுற்று தொடங்கும் இடம்தோறும் டெம்போ (வேகம்) குறி வைத்தேன். முதல் முறை கெட்டுப்போனது. குறி வைக்கும்போதெல்லாம் பதிவும் சேர்ந்து நகர்ந்தது. காலக் கணக்கை அடியிலிருந்து நேரத்துக்கு மாற்றிய பிறகே பதிவு அசையாமல் நின்றது. இரவு ஒன்பதுக்குத் தொடங்கி 140 சுற்றுகளையும் தாண்டி முடித்தபோது கோழி கூவிவிட்டது. பிறகு கிக்கையும் பேஸையும் போட்டேன். இரண்டும் சித்தப்பாவின் பின்னால் நடந்தன. ஏழாவது நிமிடத்தில் அவர் ஏறும்போது அவையும் ஏறின. தனியாக உட்கார்ந்து அழுதேன்.

ஜூன் 25, புதன்

உறுமலோடு சேர்ந்து இழையும் ஒரு சின்த் (மின்னணு வாத்திய) ஒலி வேண்டியிருந்தது. விசைப்பலகையின் 12 சுரங்களில் அந்த இழைவு அகப்படாது. சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் பெரும்பாலான கருவிகளில் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு என்றே அமைந்திருக்கும். அதை 12 ஆக்கிவிட்டு, சக்கரத்தை மெல்லத் திருப்பிப் பதிவு செய்தேன். எஃப்எல்லில் 'ஸ்லைடு' சுரங்களை வரைந்தே இதைச் செய்யலாம், மிக அழகான வசதி அது. ஆனால் அதன் சொந்தக் கருவிகளில் மட்டுமே வேலை செய்யும்.

ஜூன் 29, ஞாயிறு

ரீப்பர் என்று முடிவு செய்துவிட்டேன். 60 நாள் சோதனைக் காலம், என்னைப் போன்றவர்களுக்கான உரிமம் 60 டாலர், நம் பணத்தில் சுமார் 5,100 ரூபாய். ஆடி மாதத் திருவிழா வேலைகளில் வரும் கூலியில் கட்டிவிடுவேன். நாளை மேடையேறி வாசிக்கும் நிலை வந்தால் லைவுக்குச் சேமிப்பேன்.

மாலையில் சித்தப்பாவை மறுபடி உட்கார வைத்தேன். ஏழாவது நிமிடம் வந்ததும் அவர் வலது கை தொடையில் தானாக அடிக்கத் தொடங்கியது. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றவில்லை. "இன்னொரு முறை போடு" என்றார். இரண்டாம் முறை பாதியில் கை காட்டி நிறுத்தச் சொன்னார்.

"அந்தக் கீழ்ச் சத்தம் உரசலை மறைக்கிறது. கொஞ்சம் இறக்கு."

கிக்கை 3 டெசிபல் இறக்கினேன். தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினார்.