பூஜ்யம் காட்டிய ரெப்ளிகா

வாடிக்கையாளர் ஆர்டர் போடுகிறார், பக்கத்தை மறுபடி திறந்தால் ஆர்டரைக் காணோம். சப்போர்ட்டிலிருந்து இப்படிப் புகார் வந்தபோது ரெப்ளிகேஷன் லாக் (நகல் டேட்டாபேஸ் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற தாமதம்) கிராஃப் தரையோடு தரையாகக் கிடந்தது. எழுத்தெல்லாம் பிரைமரி என்ற முதன்மை டேட்டாபேஸில் நடக்கும்; ஆர்டர் பக்கம் படித்தது அதன் நகலான ரெப்ளிகாவை. எங்கள் மைஎஸ்கியூஎல் ரெப்ளிகா வேறொரு டேட்டா சென்டரில் இருந்தது; நடுவில் இருந்த லைன் அன்று மந்தம்.

கிராஃபுக்கு எண் கொடுத்தது 'செகண்ட்ஸ் பிஹைண்ட் மாஸ்டர்'. (8.0.22-லிருந்து அதற்கு 'செகண்ட்ஸ் பிஹைண்ட் சோர்ஸ்' என்று பெயர், குணம் அதேதான்.) ரெப்ளிகாவில் ஐஓ த்ரெட் பிரைமரியின் பின்லாகை (மாற்றங்களின் பதிவேடு) இழுத்து வந்து ரிலே லாகில் (ரெப்ளிகாவின் இடைப் பதிவேடு) போடும். எஸ்கியூஎல் த்ரெட் அதை எடுத்து டேபிள்களில் ஏற்றும். இந்த எண் எஸ்கியூஎல் த்ரெட்டின் பாக்கியை மட்டுமே சொல்கிறது. லைன் மந்தமானால் வந்த சரக்கெல்லாம் தீர்ந்துவிடும், எஸ்கியூஎல் த்ரெட் சும்மா உட்கார்ந்திருக்கும், எண் பூஜ்யம். வழியில் சிக்கி நிற்பது அதன் கணக்கிலேயே வராது.

அப்புறம் பெர்கோனா டூல்கிட்டின் பிடி-ஹார்ட்பீட்டைப் போட்டோம். பிரைமரியில் ஒரு சின்ன டேபிள், அதில் ஒரே வரி, வினாடிக்கு ஒருமுறை அதில் நேரம் எழுதப்படும். ரெப்ளிகாவில் அந்த வரியைப் படித்து, இப்போதைய நேரத்திலிருந்து கழித்தால் லாக். இரண்டு மெஷினிலும் கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி ஒழுங்காக ஓட வேண்டும், அவ்வளவுதான். நடுவில் எத்தனை ரெப்ளிகா சங்கிலியாக நின்றாலும் முழுத் தாமதமும் தெரிந்துவிடும்.

இதிலும் ஒரு கண் வேண்டும். ஹார்ட்பீட் எழுதும் புரோகிராமே செத்துவிட்டால், லாக் வினாடிக்கு ஒரு வினாடி என்று நேர்கோடாக ஏறும். பெரிய ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) ரெப்ளிகாவில் ஓடும்போதும் அச்சு அசலாக அதே கோடுதான். அதனால் முதலில் பிரைமரியில் அந்த வரி நகர்கிறதா என்று பார்ப்பேன். நகர்ந்தால் அடுத்த சந்தேகம் பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் உள்ள தனி அடையாளம்) இல்லாத டேபிள்: மாறிய வரிகளையே அனுப்பும் ரோ முறை ரெப்ளிகேஷனில், இண்டெக்ஸும் இல்லாவிட்டால், அந்த வரிகளைத் தேட டேபிள் முழுக்க அலச வேண்டிவரும்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் தொல்லை நேரெதிர். கடைசியாக ஏற்றிய பரிவர்த்தனையின் நேரத்தை வைத்துக் கணக்கிட்டால், எழுத்தே இல்லாத நடுராத்திரியில் லாக் ஏறிக்கொண்டே போய் ஆன்-காலில் இருப்பவரை எழுப்பிவிடும். ஹார்ட்பீட் வரி அங்கேயும் உதவும். அல்லது எல்எஸ்என் (மாற்றங்களின் பதிவேட்டில் எந்த இடம் வரை வந்திருக்கிறது என்ற எண்) வித்தியாசத்தைப் பைட்டில் பார்க்கலாம்.

சரி, எத்தனை வினாடிக்கு அலாரம்? அதை டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ மட்டும் முடிவு செய்ய முடியாது. எங்கள் ரிப்போர்ட் டீமுக்குப் பத்து நிமிடம் பழைய தரவு போதும். ஆர்டர் பக்கத்துக்கு ஒரு வினாடிகூடப் பொறுக்காது. அந்தக் குவெரியைப் பிரைமரிக்கே திருப்பிவிட்டோம்.