அம்மாவின் நேர்த்தியும் வோல்சிங்கத்து ஒரு மைலும்

இலங்கையின் மடுத் திருத்தலத்து மாதாவுக்கு வைத்த நேர்த்தியை இங்கிலாந்தில் நிறைவேற்றலாமா என்ற தயக்கம் எனக்குப் பல ஆண்டுகள் இருந்தது. போர்க்காலத்தில் காணாமற்போன தம்பி உயிரோடு வீடு திரும்பினால் மடுவுக்கு வெறுங்காலோடு நடந்து வருவேன் என்று அம்மா வைத்த நேர்த்தி அது. தம்பி திரும்பினான், ஆனால் நாங்கள் ஊரை விட்டுப் புறப்பட நேர்ந்தது, லண்டனுக்கு வந்து சேர்ந்த பின் அம்மாவின் முழங்கால்களும் அவரைக் கைவிட்டன. “மாதா எங்க நிண்டாலும் மாதாதான் பிள்ளை, எனக்காக நீ நட” என்று அவரே சொன்ன பிறகுதான், யூலை மாதத்தில் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் வோல்சிங்கம் என்னும் இங்கிலாந்து மாதா திருத்தலத்துக்கு நான் யாத்திரை புறப்பட்டேன்.

நோர்ஃபோக்கின் ஒடுங்கிய பாதையில் எங்கள் பேருந்து ஊர்ந்த நேரத்தில் மூன்று செபமாலைகளைச் சொல்லி முடித்துவிட்டோம். இறங்கியதும் மெழுகுதிரியையும் மாலையையும் கையில் திணித்துவிட்டு விலை கேட்டவர்களையும், வரிசையில் நின்ற முதியவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னே போனவர்களையும் பார்த்தபோது என் பக்தி பாதி கரைந்தது. இதுவும் புதிதல்ல என்று பிறகு மனத்தைத் தேற்றிக்கொண்டேன். 1512இல் இங்கு வந்த அறிஞர் எராஸ்மஸ், காணிக்கை விழுவதைக் கவனித்தபடி பீடத்தருகே ஒரு குருவானவர் நின்றதையும், ஆள் பார்க்கிறாரே என்ற வெட்கத்தில் காசு போடுவோர் உண்டு என்பதையும் கேலியாக எழுதிவைத்தார்.

செருப்புச் சிற்றாலயம் என்று நான் அம்மாவுக்குச் சொல்லும் அந்தச் சின்னஞ்சிறு கோயில், 14ஆம் நூற்றாண்டில் புனித கத்தரீனாளின் பெயரில் கட்டப்பட்டது. வோல்சிங்கம் மடத்தில் அன்று இருந்த திருத்தலத்துக்கு இன்னும் ஒரு மைல் இருக்கையில் யாத்திரிகர்கள் இங்கே பாதணிகளைக் கழற்றிவிட்டு நடந்தார்கள் என்பது மரபு. பின்னாளில் மாட்டுக்கொட்டிலாகவும் களஞ்சியமாகவும் கிடந்த இக்கட்டடம், 1934இல் இங்கிலாந்துக் கத்தோலிக்கரின் தேசியத் திருத்தலமானது.

உள்ளே பத்துப் பேர் நின்றாலே மூச்சு முட்டுகிறது. என் முறை வந்தபோது, வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த செபம் ஒரு சொல்லும் மிஞ்சாமல் மறந்துபோயிற்று. முடி சூடி, ஒரு கையில் லீலிமலர்ச் செங்கோலுடன், மடியில் பாலனை இருத்தி அமர்ந்திருந்த அன்னையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பழைய சுரூபம் 1538இல் லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு எரிக்கப்பட்டது; ஆனாலும் மடத்தின் முத்திரையில் பதிந்திருந்த உருவம் தப்பியதால், அதைப் பார்த்தே இன்றைய சுரூபத்தைச் செய்ய முடிந்தது. அம்மாவின் பெயரை மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. பிறகு அழுகை வந்துவிட்டது. பின்னால் நின்ற யாரோ ஒரு பெண் என் தோளில் கை வைத்தார், அவசரப்படுத்தவில்லை. அவருக்கு மாதா எல்லா நலமும் அருளட்டும்.

பூசை முடிந்ததும் சப்பாத்துகளைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். வெயிலில் காய்ந்த தாரும் ஓரத்துச் சரளைக்கல்லும் அரை மைலுக்குள்ளேயே என் பாதங்களைப் பதம் பார்த்துவிட்டன. எட்டாம் ஹென்றி மன்னனும் தனக்கு மகன் பிறந்த நன்றிக்காக 1511இன் தைக் குளிரில் இவ்வூருக்கு வந்தானாம். பார்ஷம் என்னும் ஊரிலிருந்து வெறுங்காலோடு நடந்தான் என்பார்கள். அந்தக் குழந்தை 52 நாள்களே உயிரோடு இருந்தது. அதே மன்னனின் ஆட்சியில்தான் 1537இல் மடத்தின் துணைத் தலைவர் தூக்கிலிடப்பட்டார், அடுத்த ஆண்டு மடமும் மூடப்பட்டது. தம்பியைத் திரும்பப் பெற்ற வீட்டிலிருந்து வந்தவள் என்பதால், மன்னன்மேல் எனக்கு எழுந்த கோபத்தோடு அந்தக் குழந்தைக்கான இரக்கமும் கலந்தே இருந்தது.

மடம் இருந்த இடத்தில் இன்று கிழக்குச் சாளரத்தின் உயர்ந்த வளைவு மட்டும் வானத்தைச் சுமந்து நிற்கிறது. அருகே இரண்டு கிணறுகளும் உணவுக்கூடத்தின் மிச்சச் சுவர்களும் உள்ளன. இங்கே வாழ்ந்தவர்கள் அகுஸ்தீனார் சபைத் துறவுக் குருக்கள். நள்ளிரவில் எழுந்து திருப்பாடல்களைப் பாடி, மீண்டும் சற்றுக் கண்ணயர்ந்து, விடியலில் மறுபடி செபத்துக்கு வந்து, ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் பேசாமல் உண்டு, தேவையானதைக் கைச்சைகையால் கேட்டுப் பெற்ற வாழ்க்கை அவர்களுடையது. அதே சபையின் பார்ன்வெல் மடத்தில் 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த ஒழுங்குகளின்படி, உடல்நலத்துக்காக இரத்தம் எடுத்துக்கொண்ட துறவிக்கு நோயாளர் அறையில் மூன்று நாள் ஓய்வு உண்டு. பாடல் முறைக்குக்கூட அவர் வர வேண்டியதில்லை. அந்த மூன்று நாளுக்காகக் காத்திருந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவ்வொழுங்குகளில் என்னை நிறுத்தியது பிச்சையளிக்கும் பொறுப்பாளருக்கானது. அவர் யாத்திரிகரையும் தொழுநோயாளரையும் ஏற்க வேண்டும், வாசலில் ஏழைகள் போடும் கூச்சலைப் பொறுமையாகத் தாங்க வேண்டும், முதியவர், முடவர், பார்வையற்றவர், படுக்கையோடு கிடப்பவர் ஆகியோரைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். முன்பு வசதியாக வாழ்ந்து இப்போது பிறரோடு வரிசையில் அமரக் கூசுகிறவர்களைத் தனியே கவனிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வன்னியில் கல்வீடும் தென்னந்தோட்டமும் வைத்திருந்த அம்மா, இந்நாட்டுக்கு வந்த புதிதில் இலவச உணவுப் பொதிக்காக வரிசையில் நின்றபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது அந்த இடிந்த சுவர்களின் நடுவே என் நினைவுக்கு வந்தது. புல்லின்மேல் அப்படியே முழந்தாளிட்டேன், நன்றி சொன்னேன், மாதாவுக்கும், பெயர் தெரியாத அந்தப் பொறுப்பாளர்களுக்கும், அன்று எங்களுக்குப் பொதி தந்த கைகளுக்கும்.

கிணற்றருகே அமர்ந்து அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். “காலில கல்லு குத்தினதோ?” என்பதே அவருடைய முதல் கேள்வி. நன்றாகவே குத்தியது என்றேன். “அப்ப சரி” என்றார், பிறகு தம்பியைக் கூப்பிட்டு, அக்கா நடந்துவிட்டாள் என்று அவனிடம் சொல்வது கேட்டது.