லண்டனில் சேர்ந்த காசு மட்டக்களப்புக்கு வந்த பாடு

எங்கள் கல்லூரி மண்டபத்துக் கூரைக்கு வெளிநாட்டுப் பழைய மாணவர்களிடம் காசு சேர்ப்பதுதான் கஷ்டம் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். அது கஷ்டமே இல்லை. ஒழுகும் கூரையின் படத்தை வாட்ஸ்அப்பில் போட்ட இரவே லண்டனிலும் டொரண்டோவிலும் ஆட்கள் கை உயர்த்திவிட்டார்கள். 1978 நவம்பர் சூறாவளியில் ஓடு பறந்ததைக் கண்ணால் கண்ட மூத்தவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சேர்ந்த காசை ஊருக்குக் கொண்டுவந்ததுதான் பாடு.

லண்டனில் எங்களுக்காகச் சேர்த்த அறக்கட்டளை முதலில் கேட்டது, கட்டடம் யாருடையது என்று. மிஷன் கட்டிய பள்ளிக்கூடம். 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தபோது இதுவும் சேர்ந்து போனது. ஊரில் தெரியாதவர் இல்லை, ஆனால் காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வெளிநாட்டுக்கு அனுப்பும் காசு சொன்ன வேலைக்குத்தான் போகிறது என்று உறுதிப்படுத்தும் பொறுப்பு அங்குள்ள அறக்கட்டளைக்கு உண்டு.

கடிதம் தர வேண்டிய அலுவலகத்தில் இருந்த கிளார்க், "ஃபைல் மேல போயிருக்கு" என்றார். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். அதையும் எழுத்தில் கேட்கச் சொன்னார். இப்படி இழுபட்டுக்கொண்டிருந்தபோதுதான் 2022 மார்ச்சில் ரூபாய் விழுந்தது. 200 சொச்சமாக இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. பிரித்தானியப் பவுண் காசு வைத்திருப்பவர்களுக்கு லாபம்தானே என்று சிலர் சொன்னார்கள். தகரமும் ஆணியும் பெயின்ட்டும் அதே வேகத்தில் ஏறியதை அவர்கள் பார்க்கவில்லை. கொந்தராத்துக்காரர் பழைய மதிப்பீட்டைத் திரும்பிப் பார்க்கவே மறுத்துவிட்டார்.

கடைசியில், அரச வேலையில் இருந்து ஓய்வுபெற்ற பழைய மாணவர் அண்ணன் ஒருவர் என்னோடு வந்தார். "தம்பி, உரித்துக் கடிதம் கேட்டா ஒருத்தனும் கையெழுத்து வைக்கமாட்டான். கூரை திருத்த ஆட்சேபனை இல்லையெண்டு ஒரு கடிதம் கேள்" என்றார். கேட்டோம், அன்றைக்கே கிடைத்தது. லண்டனுக்கும் அதுவே போதுமாக இருந்தது.

அப்புறம் வங்கி. கணக்கு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில். வங்கிப் புத்தகத்தில் அந்தப் பெயர் சுருக்கமாக இருந்தது, லண்டன் அனுப்பியது முழுப் பெயருக்கு. காசு நடுவில் எங்கோ நின்றுவிட்டது. இங்கே கேட்டால் "எங்களுக்கு வரல்ல", அங்கே கேட்டால் "அனுப்பிட்டம் மச்சான்". கிணற்றில் போட்ட கல் மாதிரி. இப்படி ஆனால் அனுப்பிய வங்கியிடம், காசு அனுப்பியதைக் காட்டும் வங்கிச் செய்தியின் (அப்போது எம்டி 103 என்று பெயர்) பிரதியைக் கேளுங்கள். அதில் உள்ள இலக்கத்தை வைத்து இங்குள்ள வங்கி தேடிப் பிடிக்கலாம். அதை மேசையில் வைத்த பிறகுதான் "ஆ, இது இருக்கு" என்ற சொல் வந்தது. இடையில் இருந்த வங்கி தன் பங்குக்குக் கட்டணத்தையும் வெட்டியிருந்தது. எல்லாக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கும் வழி உண்டு, முதலிலேயே அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கிஃப்ட் எய்ட். பிரித்தானியாவில் வரி கட்டும் ஒருவர் 1 பவுண் கொடுத்தால், அறக்கட்டளை அரசிடம் 25 பென்ஸ் மேலதிகமாக வாங்கலாம். லண்டன் குழு ஹோல் வாடகைக்கு எடுத்து, இடியப்பமும் கோழிக்கறியும் போட்டு, டிக்கெட்டை நல்ல விலைக்கு விற்றது. அந்தக் காசுக்கு 25 பென்ஸ் கிடையாது! சாப்பாட்டுக்கும் ராஃபிளுக்கும் கொடுத்தது நன்கொடைக் கணக்கில் வராதாம். டிக்கெட்டைச் சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் வையுங்கள். நன்கொடைக்குத் தனிப் படிவத்தை மேசையில் வைத்து, முழுப் பெயரையும் வீட்டு விலாசத்தையும் அங்கேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்குப் போன பிறகு ஒருவரும் நிரப்பித் தரமாட்டார்கள்.

வேண்டுகோள் கடிதத்தின் முதல் பக்கம் முழுக்க, 1814இல் மட்டக்களப்புக்கு வந்து மறு வருடமே இறந்துபோன வில்லியம் ஓல்ட் பாதிரியாரையும் அந்தக் காலத்து மிஷன் பள்ளிகளையும் பற்றி எழுதியிருந்தோம். பாராட்டு நிறைய வந்தது. பெரிய தொகை தந்தவர்கள் விசாரித்ததெல்லாம் இரண்டாம் பக்கத்து விலைப்பட்டியலைத்தான். அதில் தகரத்தின் தடிப்பைக்கூட ஒருவர் கேட்டார்.

இப்போது டொரண்டோக்காரர் கழிவறை கட்டித் தருகிறோம் என்கிறார்கள். வரிச் சலுகைக்கான ரசீதைக் கனடாவிலும் பதிவுபெற்ற அறக்கட்டளைதான் கொடுக்கலாம், அவர்களுடையது இன்னும் பதியாத சங்கம். முதலில் பதிவு உள்ள ஓர் அறக்கட்டளையைப் பிடியுங்கள், அதற்குள் ஆட்சேபனை இல்லைக் கடிதத்துக்கு நான் எழுதிப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.