மண்ணீரல் போனதற்கு நஷ்டஈடு வாங்கிய கதை

வாட்டர் கேன் போடுவது என் தொழில். 20 லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்றாவது மாடி வரை ஏறுவேன். 2023 கடைசியில் நாமக்கல் பக்கம் பைக்கில் போகும்போது, குறுக்குச் சாலையிலிருந்து வந்த கார் இடித்துத் தள்ளிவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு. ஹேண்டில்பார் முனை இடப்பக்க விலாவுக்குக் கீழே குத்தியது, ஆனால் ரத்தம் வரவில்லை. "கேஸெல்லாம் எதுக்குண்ணே, செலவை நான் பாத்துக்கறேன்" என்றார் கார்க்காரர். மருத்துவமனையில் மருந்து வைத்து, ஊசி போட்டு, வலி அதிகமானால் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் இரவு இடது தோள்பட்டையில் ஒரு மாதிரியான வலி, அப்புறம் மயக்கம். சேலத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. அன்றைக்கே வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். அடிபட்ட மண்ணீரல் உள்ளே ரத்தம் கட்டி நின்று, ஓரிரு நாள் கழித்தும் உடையலாமாம்.

வார்டில் படுத்திருக்கும்போதே ஒரு புரோக்கர் வந்தார். "கையெழுத்து போடுங்க, வர்றதுல பங்கு கொடுத்தாப் போதும்" என்றார். வருகிற தொகையில் பங்கு பேசி வக்கீல் வழக்கு எடுப்பதை, வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. என் மைத்துனர் அவரை அனுப்பிவிட்டு, தெரிந்த வக்கீலிடம் போனார்.

வக்கீல் முதலில் கேட்டது மருத்துவ பில்லை அல்ல, முதல் மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியை, அதாவது விபத்துப் பதிவேட்டு நகலை. கிறுக்கல் கையெழுத்தில் டியூட்டி டாக்டர் ஒரு வரி எழுதியிருந்தார்: ஹேண்டில்பார் குத்தியதாகச் சொல்கிறார், இடது மேல்வயிற்றில் தொட்டால் வலி. அதன் கீழே பென்சிலால் கோடு போட்டு, "கேஸே இதுலதான் நிக்குது" என்றார் வக்கீல். நான் வாய்விட்டுச் சொன்னதால் அது எழுதப்பட்டது. வெளியே தெரியாத அடி என்றால் வலிக்கிற இடத்தை முதல் டாக்டரிடமே சொல்லி எழுத வையுங்கள்.

எஃப்.ஐ.ஆர்., ஸ்கெட்ச், வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை எல்லாம் போலீஸிடமிருந்து வந்தன. விபத்து நாமக்கல்லில் நடந்தாலும், குடியிருக்கும் ஊரின் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலேயே நஷ்டஈட்டு மனு போடச் சட்டம் இடம் தருகிறது. அதனால் சேலத்தில் போட்டோம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்திருந்தது, ஆற அமர யோசிக்க நேரமில்லை.

அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. அதைச் சொல்லி உங்களைச் சலிப்பூட்ட விரும்பவில்லை.

குறுக்கு விசாரணையில் கார் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் கேட்டார்: "அன்னைக்கு வீட்டுக்கு நடந்துதானே போனீங்க? இப்பவும் நடந்துதானே கூண்டுக்கு வந்தீங்க?" ஆமாம் என்றேன். "அப்ப மண்ணீரல் வேற எங்கயாவது விழுந்து உடைஞ்சிருக்கலாம், இல்லையா?" அந்த ஏ.ஆர். காப்பி இல்லாவிட்டால் இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? ஆபரேஷன் செய்த டாக்டரை நீதிமன்றத்துக்கு வரவைப்பது பெரும்பாடாக இருந்தது. கடைசியில் சாட்சியம் பதிவு செய்ய நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனரை வைத்து மருத்துவமனையிலேயே அவரிடம் சாட்சியம் பதிவு செய்தார்கள்.

உண்மையான சண்டை ஊனத்தைப் பற்றியது. மருத்துவக் குழு 20 சதவீதம் என்று எழுதியது. சதவீதத்துக்கு இவ்வளவு என்று போடுங்கள் என்றது எதிர்த்தரப்பு. ஒரு சதவீதத்துக்கு 5,000 வைத்தாலும் 1 லட்சம்தான். எங்கள் வக்கீல் உச்ச நீதிமன்றத்தின் ராஜ்குமார் வழக்குத் தீர்ப்பை எடுத்துவைத்தார். இடது கை போனால் டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போகும், குமாஸ்தாவுக்கு வருமானம் குறையாமலும் இருக்கலாம், ஆகவே ஆளின் வேலையைப் பார்த்து இழப்பைக் கணக்கிடு என்கிறது அது. எனக்குத் தையல் போட்ட இடம் பலவீனமாகி ஹெர்னியா வந்துவிட்டது, எடை தூக்கக் கூடாது. கேன் தூக்க ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தேன். அந்தக் கணக்கு நோட்டும், கேன் கம்பெனி பில் புத்தகமும், ஜிபே பட்டியலும் சான்றாயின. சம்பள ரசீது இல்லாதவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

நடுவில் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம் என்றார்கள். அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. அவர்கள் சொன்ன தொகை ஆபரேஷன் செலவைத் தாண்டி அதிகம் இல்லை, வேண்டாம் என்றோம்.

தீர்ப்பில் என் மாத வருமானம் 15,000 என்று எடுத்துக்கொண்டார்கள். வயது 38, அதற்கு உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி பெருக்கெண், அதாவது ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்று வயதுக்கேற்ப வைத்த எண், 15. ஆண்டுக்கு 1,80,000, 15-ஆல் பெருக்கினால் 27 லட்சம், அதில் 20 சதவீதம் 5,40,000. மருத்துவச் செலவு, வலி வேதனை, வட்டி தனி. 20 சதவீதத்துக்கு மேலேயே கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் மேல்முறையீட்டுக்குப் போக எனக்குத் தெம்பில்லை, அவர்களும் போகவில்லை.

மண்ணீரல் இல்லாதவனுக்குச் சாதாரணக் காய்ச்சலே ஆபத்தாகலாம். நிமோகாக்கல், மெனிஞ்சோகாக்கல் தடுப்பூசிகள் போட வேண்டும், சில ஊசிகளைத் திரும்பவும் போட வேண்டும். எதிர்கால மருத்துவச் செலவு என்ற தலைப்பில் அதற்கும் ஒரு சிறு தொகை கிடைத்தது, டாக்டர் கைப்பட எழுதிக்கொடுத்த ஊசிப் பட்டியலைக் கேஸ் கட்டில் சேர்த்திருந்ததால்.