"இன்னும் ஏன் அடிக்கவில்லை?"

ஒவ்வொரு பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகும் இரண்டாம் நாளே இந்தக் கேள்வி கிளம்பிவிடுகிறது. கோபம் நியாயமானதுதான். ஆனால் காஷ்மீரில் நடந்த மூன்று தாக்குதல்களின் தேதிகளைப் பாருங்கள். உரி 2016: பதினோராம் நாள் பதிலடி. புல்வாமா 2019: பன்னிரண்டாம் நாள். பஹல்காம் 2025: பதினைந்தாம் நாள்.

அந்த நாட்கள் வீண் அல்ல. பதிலடி வரும் என்று தெரிந்ததுமே முகாம்களைக் காலிசெய்துவிடுவார்கள். இலக்கை மறுபடி உறுதிசெய்ய வேண்டும். அதைவிடப் பெரிய வேலை, அடித்த மறுநாளுக்கான ஏற்பாடு. 2019 பிப்ரவரி 26 அன்று பாகிஸ்தானின் பாலாகோட்டில் நம் விமானப்படை தாக்கியது. 27 காலை பாகிஸ்தான் விமானங்கள் வந்த பதற்றத்தில், காஷ்மீரின் பட்காமில் நம் ஏவுகணையே நம் எம்ஐ-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. விமானப்படையினர் 6 பேர், பொதுமக்களில் ஒருவர் இறந்தார்கள். நம்மவரா, எதிரியா என்று பிரித்தறிவதில் நேர்ந்த பிழை அது.

அதற்காக மாதக்கணக்கில் இழுப்பதும் சரியில்லை. 2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின், மதுரா, அம்பாலா, போபாலில் இருந்த தாக்குதல் படைப்பிரிவுகள் எல்லைக்குப் போய்ச் சேரவே ஏறக்குறைய 3 வாரம் ஆனது. அதற்குள் அமெரிக்க அழுத்தம்; ஜனவரி 12 அன்று, பயங்கரவாதத்தை அனுமதிக்க மாட்டோம் என்று பாகிஸ்தான் அதிபர் முஷாரப்பின் தொலைக்காட்சி உரை. பத்து மாதம் நின்றுவிட்டுத் திரும்பினோம். போரே நடக்கவில்லை, ஆனாலும் கண்ணிவெடி புதைக்கும்போதும் அகற்றும்போதும் நம் வீரர்கள் பலர் செத்தார்கள்.

டிவி விவாதத்தில் நாள் குறிப்பவர்கள், எல்லையில் பதுங்கு அறை எத்தனை இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். 2025 மே 7 அன்று பாகிஸ்தானின் பீரங்கிக் குண்டுவீச்சில் எல்லையோரப் பூஞ்ச் மக்கள்தான் உயிர்களை அதிகம் பறிகொடுத்தார்கள்.