ஓவர்லுக்: காணாததா, கண்டும் காணாததா?

ஓவர்லுக் என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குக் 'கவனிக்கத் தவறுதல்' என்று பொருள் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அதன் பழைய பொருள்கள் உயரத்திலிருந்து கீழே நோக்குவதும், ஒன்றை மேற்பார்வையிடுவதும்தாம். கடலைப் பார்த்தபடி அமைந்த அறை என்று விடுதிக்காரர்கள் ஆங்கிலத்தில் இச்சொல்லால் விளம்பரம் செய்யும்போது அந்த முதற்பொருளே இன்றும் வழங்குகிறது. பார்வை ஒன்றன் மேலாகக் கடந்து அப்பால் போய்விட்டால், அது விடுபட்டுப் போகிறது அல்லவா? காணத் தவறுதல் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது.

அதே நூற்றாண்டின் கடைசியில் கண்ணேறு என்ற பொருளும் அதற்கு இருந்தது. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் நாயகி போர்ஷியா, தன் காதலன் பஸ்ஸானியோவின் கண்களைச் செல்லமாகச் சபித்து, அவை தன்னை ஓவர்லுக் செய்து இரு கூறாக்கிவிட்டன என்கிறாள். கவனியாமல் விட்டன என்று அங்கே படித்தால் காட்சியே கெட்டுவிடும். அவன் கண் பட்டு அவள் வசமிழந்து நிற்கிறாள். இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டிலும் இப்பொருள் பேச்சுவழக்கில் இருந்தது. (திருஷ்டி சுற்றிப்போடும் நம் பாட்டிமாருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.)

உற்றுப் பார்க்கும் கண்ணைப் பற்றிய அச்சம் நீதிமன்றம் வரை போனதும் உண்டு. லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் 2016இல் திறந்த பார்வை மாடத்தில் நின்றவர்கள், எதிரே கண்ணாடிச் சுவர் கொண்ட அடுக்குமாடி வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள். வெறும் ஓவர்லுக்கிங் சட்டப்படி தொல்லையாகாது என்று 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2023 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அந்த வீடுகள் ஓயாமல் பார்வைக்கு உள்ளாவது வெறும் ஓவர்லுக்கிங் அன்று என்று கொண்டு, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் குடியிருப்போர் பக்கம் நின்றது.

இனி, காணாமையைக் குறிக்கும் பொருளிலேயே இரண்டு உண்டு. அறியாமல் விட்டுவிடுவது ஒன்று; பிழை தெரிந்தும் பொறுத்து, கண்டும் காணாமல் விடுவது மற்றொன்று. எது என்பதைச் சொல் காட்டிக்கொடுக்காது என்பதால், தவறிழைத்த நிறுவனங்களுக்கு இது மிகவும் வசதியான சொல் என்பது என் கருத்து. நியூயார்க் டைம்ஸ், தான் இரங்கல் கட்டுரை வெளியிடாமல் விட்ட முக்கியமானவர்களுக்காக 2018 மார்ச்சில் தொடங்கிய வரிசைக்கு 'ஓவர்லுக்ட்' என்றே பெயர் வைத்தது. முதல் தொகுதியில் நம் பழைய இந்தித் திரைப்பட நடிகை மதுபாலாவும் இருந்தார்; கறுப்பின மக்கள் கும்பலால் கொல்லப்படுவதை எதிர்த்து எழுதிய பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸும் இருந்தார். வெல்ஸ் 1931இல் இறந்தவர். அவர் உயிரோடிருந்தபோது, 1894இல், அவரைத் தரக்குறைவாகப் பழித்து எழுதியதும் இதே நாளிதழ்தான். ஆகவே அவர் விஷயத்தில் அந்தத் தலைப்பைக் 'கவனிக்கத் தவறியவர்கள்' என்று தமிழாக்க எனக்குக் கை வரவில்லை.