எடை சரியாக இருந்தது, ஈரல் சரியாக இல்லை

2021 ஆகஸ்டில் சோயாப் புண்ணாக்கு விலை ஏறியது கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு மறந்திருக்காது, 12 லட்சம் டன் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு அனுமதி கொடுக்கும் அளவுக்குப் போனது. நான் அப்போது ஆந்திராவில் ஒரு மீன் தீவன ஆலையில் இருந்தேன். கைகலூர் பக்கம் பங்காசியஸ் கெளுத்தி வளர்ப்பவர்களுக்குக் கொடுத்த தீவனத்தில் சோயாவைக் குறைத்து, புரதத்தை 28 சதவீதத்திலிருந்து 24 ஆக்கி, அந்த இடத்தில் குருணையும் மரவள்ளி மாவும் ஏற்றினோம். மூட்டையிலும் 24 என்றே அச்சிட்டோம். அந்தக் கணக்கைப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

கணக்கில் தப்பில்லை என்றுதான் நினைத்தேன். டிரவுட் மாதிரி மற்ற மீனைத் தின்று வாழும் மீன்களுக்கு மாவுச்சத்து 20 சதவீதத்தைத் தாண்டினாலே சிரமம், கெளுத்தி எல்லாம் தின்னும், 25, 30 வரை தாங்கும். மாவு எரிபொருளாகப் போனால் புரதம் தசைக்குப் போகும், குளத்தில் அம்மோனியாவும் குறையும். தீவனம் மிதக்கவும் மாவு வேண்டும், நீராவியில் வெந்து பொரிவது அதுதானே.

மூன்று மாதம் எல்லாம் நன்றாகவே போனது. வலை போட்டு எடை பார்த்தால் குறை சொல்ல முடியாது. அப்புறம் ஒரு விவசாயி கூப்பிட்டார். கரையில் உட்கார்ந்து ஒரு கிலோ மீன் ஒன்றை வயிற்றோடு கிழித்துக் காட்டினார். குடலைச் சுற்றி வெள்ளை வெளேரென்று கொழுப்பு, விரல் வைத்தால் வழுக்கியது. கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈரல் வெளிறி, உப்பி, பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வந்திருந்தது. "அந்தா கொவ்வே சார்" என்றார், எல்லாம் கொழுப்புதான் என்று. குடலை எடுத்துவிட்டு நிறுத்தால் கறி எவ்வளவு தேறும் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

நமக்குச் சர்க்கரை ஏறினால் இன்சுலின் சுரந்து, ஈரல் சொந்தமாகக் குளுக்கோஸ் தயாரிப்பதை நிறுத்திக்கொள்ளும். மீனுக்கு இன்சுலினைத் தூண்டுவதில் குளுக்கோஸைவிடப் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களுக்கே வலு அதிகம், ஈரலின் தயாரிப்பும் சட்டென்று நிற்பதில்லை. மிஞ்சிய சர்க்கரை கிளைகோஜனாக, அதாவது சேமிப்புச் சர்க்கரையாக, ஈரலிலும் கொழுப்பாக வயிற்றிலும் தங்கிவிடும். அமெரிக்காவில் சேனல் கெளுத்திக்கு மாவுக்குப் பதில் குளுக்கோஸைக் கொடுத்தபோது வளர்ச்சியே குறைந்திருக்கிறது, குளுக்கோஸ் ஒரே நேரத்தில் வந்து கொட்டுவதை அந்த மீனால் சமாளிக்க முடியவில்லை. இதையெல்லாம் படித்துத்தான் வேலைக்கு வந்தேன், ஆனால் சோயா விலையைப் பார்த்த கண்ணால் ஈரலைப் பார்க்கவில்லை. தராசில் ஏறியதையெல்லாம் வளர்ச்சி என்று எழுதிக்கொண்டிருந்தேன், இன்றும் அது உறுத்துகிறது.

விலை இறங்கும்வரை காத்திருக்காமல் குருணையைக் குறைக்கச் சொல்லி ஆலையில் சண்டை போட்டேன், பாதிதான் கேட்டார்கள். ஆனால் மாதிரி எடுக்கும் நாளில் மூன்று மீனை அறுத்து ஈரலையும் வயிற்றுக் கொழுப்பையும் தனியாக நிறுக்கும் வழக்கம் அன்றிலிருந்து வந்தது. அந்த விவசாயி இப்போதும் போன் செய்தால் எடையைச் சொல்வதற்கு முன்னால் ஈரல் என்ன நிறம் என்றுதான் ஆரம்பிக்கிறார்.